விளக்கு வைக்கும் நேரத்துக் கும்பிடு

என் மகள் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது சாமி கும்பிட ஆரம்பித்தாள். அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவே அப்படித்தான் நினைத்தது.

சாயந்திரத் தூக்கம் கலைந்து எழுவாள். நான் பூஜை அலமாரியில் விளக்கேற்றிக்கொண்டிருப்பேன், வீட்டுக்காரர் அவளை மடியில் வைத்திருப்பார். இரண்டு கையும் விரிந்து முன்னால் வந்து சேரும், தலை குனியும். நிமிர்வாள். கொஞ்சம் கழித்து மறுபடி. அப்புறம் மறுபடி. கடைசியில் வீறிட்டு அழுவாள். வரம் கேட்டு அழுகிறாள் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தோம்.

வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், அதை செல்போனில் வீடியோ எடுத்தார். "பாரேன், யாரும் சொல்லித் தரல, எப்படிக் கும்புடுது பாரு" என்று அதில் அவர் குரல் கேட்கும். நான் சிரிப்பதும் கேட்கும். வீடியோ சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போயிற்று. பார்த்தவர்கள் நேரிலேயே வர ஆரம்பித்தார்கள். தூங்கி எழுந்தால்தான் கும்பிடுவாள் என்பது எங்களுக்குப் பிடிபட்டிருந்தது. அதனால் வந்தவர்களுக்குக் காட்ட, தூங்குகிறவளை அண்ணி தட்டி எழுப்புவார். காபி கொடுப்பதைப் போல அதுவும் ஒரு உபசாரம்.

அந்த நாட்களில்தான் அவள் சிரிப்பு நின்றது. கிலுகிலுப்பை ஆட்டினால் திரும்புவதில்லை. என் முகத்தை விட்டுவிட்டு, தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊர்க் கண்ணெல்லாம் பட்டுடுச்சிமா" என்று அண்ணி உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டார். நெடி வரவில்லை. கண் திருஷ்டிதான் என்று உறுதியாகிவிட்டது.

தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரம்மா, "கொழந்த புதுசா என்ன பண்ணுது?" என்று கேட்டார். பெருமையாக செல்போனை நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது கும்புடறது இல்லமா. வலிப்பு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வலிப்பு எனக்குத் தெரியாதா டாக்டர்? எங்க தெருவுலயே ஒருத்தருக்கு இருக்கு. கை கால் வெட்டும், நொர தள்ளும், சாவியக் கையில குடுப்பாங்க. இவ கும்புடறா."

"பெரியவங்களுக்கு அப்படி. கைக்கொழந்தைக்கு இந்த மாதிரியும் வரும். பொறந்ததும் அழுதாளா?"

உடனே அழவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் படுத்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் போனது காரணமாக இருக்கலாம் என்றார். சில குழந்தைகளுக்குக் காரணமே தெரியாது என்றும் சொன்னார். சொந்தக்காரர்களுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று நான் பூசணிக்காய் நறுக்கினேனாம். நறுக்கியது கத்திரிக்காய். அதைக்கூட ஒழுங்காகப் பார்க்காதவர்கள் காரணம் கண்டுபிடிக்கிறார்கள்.

தலை முழுக்க வயர் ஒட்டிப் பரிசோதித்தார்கள். தொடையில் ஊசி போட்டுப் போட்டு அவள் முகம் ஊதிப்போனது. குனிவது குறைந்து, ஒருவழியாக நின்றது. "இப்ப நின்னுடுச்சி. ஆனா திரும்ப வரலாம், பாத்துக்குங்க. வளர்ச்சி எப்படின்னு போகப் போகத்தான் தெரியும்" என்றார் டாக்டரம்மா.

அன்றிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். இப்போது அவளுக்கு ஆறு வயது. தாமதமாக நடந்தாள். சில வார்த்தைகள்தான் பேசுகிறாள். உழவர்கரையில் ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போகிறாள். சிரிப்பு திரும்பி வந்தது, அந்த மட்டும் நிம்மதி. ஆனால் அவள் தும்மினாலும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. வீட்டுக்காரர் அந்த வீடியோவை அழித்துவிட்டார். அது இன்னும் யார் யார் போனிலோ இருக்கிறது. போன வருடம் ஒரு கல்யாணத்தில் ஒருத்தி, "இது உங்க பாப்பாதானே?" என்று கொண்டுவந்து காட்டினாள். அதில் என் சிரிப்பு அப்படியே இருந்தது. எங்கள் வீட்டில் அவளிடம் யாரும் சாமி கும்பிடச் சொல்லக் கூடாது. அது நான் போட்ட சட்டம்.

இந்த மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போயிருந்தோம். பல ஊர்களிலிருந்து வந்த சாமிகள் கடலைப் பார்த்து வரிசையாக நின்றன. கற்பூரம் காட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற மகளின் இரண்டு கையும் விரிந்து முன்னால் வந்து சேர்ந்தன. தலை குனிந்தது.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த குனிவுக்குக் காத்திருந்தேன். "என்னாச்சி, ஏன் இப்படி நிக்கற?" என்று வீட்டுக்காரர் கேட்டது காதில் விழுந்தது.

அடுத்தது வரவில்லை. அவள் நிமிர்ந்து நேராக என் கண்ணைப் பார்த்தாள். எல்லோரும் கும்பிட, அம்மா மட்டும் சும்மா நிற்கிறாளே என்று நினைத்திருப்பாள். தோளிலிருந்த என் கைகளை எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, "மா, சாமி" என்றாள்.

கும்பிட்டேன். கண்ணை மட்டும் மூடவில்லை. அவளைப் பார்த்தபடியேதான் கும்பிட்டேன்.