தம்பி முகத்தில் இல்லாத ஆயில்

சாஃப்ட்வேர் கம்பெனிகள் பெருகிய நேரம் அது. அவற்றுக்கு வண்டி ஓட்டலாம் என்று, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, எங்கள் பழைய காரை வாங்க மர்பி டவுனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தான் என் தம்பி.

அந்தக் காரில் பெட்ரோல் ஏற்றும் பம்ப் கசிந்து, எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் கலந்துகொண்டிருந்தது. "இப்படியே ஓட்டினா எஞ்சின் போயிடும் சார்" என்று மெக்கானிக் என் எதிரிலேயே சொல்லியிருந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று என்னை மிரட்டி வைத்திருந்தார் என் கணவர்.

பானெட்டைத் திறந்து, ஆயில் அளக்கும் கம்பியைத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். "பாரு மச்சான், மாசக்கணக்கா ஒரு சொட்டு ஊத்தல. லெவல் இறங்கவே இல்ல!"

பெட்ரோல் சேர்ந்துகொண்டே இருந்தால் எப்படி இறங்கும்? துணியை என் கையில் திணித்தார். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

"நீ சொல்லுக்கா, வாங்கட்டுமா?" என்றான் தம்பி.

அவரும் என்னையே பார்த்தார். பின்னால் சுவர், பக்கத்தில் கார், முன்னால் இவர்கள் இரண்டு பேர். நகர இடமில்லை. எதைச் சொன்னாலும் ஒருவரை இழப்பேன்.

"மொதல்ல மூக்கத் தொடைடா, ஆயில் ஒட்டியிருக்கு" என்று துணியை நீட்டினேன். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை.

துடைக்கப் போனவன் கை மூக்கருகே நின்றது. "யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்று கிளம்பிவிட்டான்.

அன்று சோறு போடும்போதும் என் கையில் பெட்ரோல் நாறியது. அவர் தலை நிமிரவில்லை. மோர் ஊற்றும்போதுதான், "பம்ப்ப மாத்திடறேன்" என்றார், குரலே எழும்பாமல்.

அந்த வீட்டில் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.