இன்னொரு தேங்காய்

முத்துவெள்ளைப் பவுடரைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகத்தில் அப்பும்போது ஒரு வாசம் வரும்... அப்பிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் பக்கத்துக் குளிரில் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்து கிடக்கும். உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்து இளக்க வேண்டும்.

நேற்று ஊர்க்காரர் ஒருவர், நான் ரதி வேசம் கட்டிய பழைய போட்டோ ஒன்றைப் போட்டு, "எங்க தோட்டத்துக் கலைஞன்" என்று டேக் பண்ணியிருந்தார். ஹார்ட் மேல் ஹார்ட். போட்டவர்கள் மேல் கோபமில்லை. அது எந்த நாளில் எடுத்த போட்டோ என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு இருபது வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம்தான் எங்கள் ஊர். காலையில் பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போய் டிசைன் கோர்ஸ். திரும்பி வந்தால் காமன் கூத்து ஒத்திகை. மன்மதனைச் சிவன் எரிக்கிற கதை அது. மன்மதன் பெண்டாட்டிதான் ரதி. அந்த வேசத்தை எங்கள் தோட்டத்தில் ஆண்கள்தான் கட்டுவோம்.

இதற்கு நடுவில் வீட்டில் இரண்டு ஜீவன்கள். பூனை சுண்டு, நாய் பிரவுனி. கன்னங்கரேல் என்று இருக்கிற நாய்க்கு அந்தப் பேரை வைத்தது என் தங்கச்சி. கேட்டால், "மனசு பிரவுன் கலருண்ணே" என்பாள்.

சுண்டு ஒருநாள் கறுப்பு மையில் காலை வைத்துவிட்டு, கோர்ஸுக்கு நான் வரைந்த போஸ்டர் மேல் நடந்துவிட்டது. மறுபடி வரைய எங்கே நேரம்? அப்படியே கொண்டுபோனேன். மேடம் பார்த்துவிட்டு, "இந்த டெக்ஸ்சர் நல்லா இருக்கே, எப்படிப் பண்ணீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பேனா?

பிரவுனி வேறு ரகம். என்னைத் தவிர யார் தொட்டாலும் உறுமும். காலையில் என்னை பஸ் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பும். ஒத்திகையில் யாராவது என்னைப் பார்த்துச் சத்தம் போட்டு வசனம் பேசினால் போச்சு... குரைத்தே கூத்தை நிறுத்திவிடும்.

கூத்துக்குக் காப்பு கட்டிக்கொண்டவர்கள் கடைசி மூன்று நாள் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த வருசம் பார்த்து, அதில் முதல் நாளே எனக்கு ஃபைனல் புராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாள். கோயில் தலைவரிடம் போய் நின்றேன். முறைத்தார். பிறகு எல்லையில் ஒரு தேங்காயை உடைத்து, சாமியிடம் மன்னிப்புக் கேட்டு என்னை அனுப்பிவைத்தார்.

"இந்த ஒரு தடவதான் தம்பி. இன்னொருக்கா வந்து நின்னீன்னா சேலைய சந்திரனுக்குக் கட்டிவிட்டுருவேன், ஆமா."

சந்திரன் என் கூட்டாளி. இரண்டு வருசமாக ரதி வேசத்துக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தவன்.

மறுநாள் மத்தியானம், பன்றிக்காக யாரோ தேயிலைக்குள் வைத்த சுருக்குக் கம்பியில் பிரவுனி மாட்டிக்கொண்டது. வயிற்றைச் சுற்றிக் கம்பி இறங்கியிருந்தது. நான்தான் வெட்டி எடுத்தேன். அந்த வலியிலும் என் கையை நக்கியது... சாக்கில் சுற்றித் தங்கச்சி மடியில் வைத்து, த்ரீவீலில் டவுன் மிருக வைத்தியரிடம் அனுப்பினேன். அன்றைக்கு ரதியும் மன்மதனும் வீடு வீடாகப் போகிற நாள். எனக்கு மேக்கப்புக்கு நேரமாகிவிட்டது.

நேரமாகிவிட்டதாம்! எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கோயிலடியில் உட்காரவைத்துப் பாதி முகத்துக்குப் பூசியிருந்தார்கள். போன் அடித்தது.

"அண்ணே, ஊசி போட விடமாட்டேங்குதுண்ணே. யாரையும் கிட்ட சேக்கல. நீ வந்து புடிச்சாத்தான் தைக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. கால் மணி நேரந்தானே, வாண்ணே."

"காப்பு கட்டியிருக்கேன்ல, எப்புடி வர்றது? நீயே பாத்துக்க."

"அது ஒன்னத்தாண்ணே தேடுது..."

கட் பண்ணிவிட்டேன்.

நாலாவது லயத்து வீட்டு வரிசை வாசலில் ஆடிக்கொண்டிருக்கும்போது த்ரீவீல் திரும்பி வந்தது. தங்கச்சி சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். சாக்கு அசையவில்லை. என்னைப் பார்க்காமலே வீட்டுக்குப் பின்பக்கம் நடந்தாள். பிரவுனி போய்விட்டது என்று புரிந்துவிட்டது. தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஆடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எடுத்த போட்டோதான் அது.

காப்பு அவிழ்த்த அன்று தலைவர் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஒன் நாய் செத்துப்போச்சாமே? ஏன்டா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்கதானே தலைவரே, இன்னொருக்கா வந்தா சேலைய..."

"அட கூறுகெட்டவனே! அது சும்மா மெரட்டுனதுடா. இன்னொரு தேங்கா ஒடச்சிருப்பேன். வாயில்லாத ஜீவன்... அதுக்காகப் போனா சாமி கோவிச்சுக்குமா?"

ரொம்பக் காலம் எல்லாரிடமும், சாமிக்குப் பயந்துதான் போகவில்லை என்று சொல்லிவந்தேன். பச்சைப் பொய். முந்தின நாள்தான் எல்லை தாண்டிப் போய்ப் புராஜெக்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். வேசம் சந்திரனுக்குப் போய்விடும் என்றுதான் பயந்தேன். வேறொன்றும் இல்லை.

தங்கச்சி அதற்குப் பிறகு நாய் வளர்க்கவில்லை. என்னோடு பேசுவாள், சிரிப்பாள், போன வாரம்கூட வீடியோ கால் எடுத்தாள். ஆனால் இன்றுவரை என்னிடம் ஒரு உதவி கேட்டதில்லை.

இப்போது கொழும்பில் டிசைனர். கூச்சமெல்லாம் போய்விட்டது. கிளையண்டிடம் டைம் கேட்கிறேன், பாஸிடம் லீவு கேட்கிறேன், தராவிட்டால் சண்டை போட்டு வாங்குகிறேன். கேட்க வாய் இருக்கிறது இப்போது.

அன்றைக்குக் கட் பண்ணிய போன் கையில் இருக்கும்போதே நிமிர்ந்து பார்த்தேன். தலைவர் கோயில் வாசலில்தான் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இருபது அடிகூட இல்லை. கேட்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை.

"மையப் போடுங்க, நேரமாகுது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.