உரு வந்ததென்று நாங்கள் கைகூப்பி நின்ற பிற்பகல்

சென்ற ஆண்டு வைகாசியில், அம்மன் சடங்கின் ஆறாம் நாள் பிற்பகல், என் அக்கா தம் வீட்டு விறாந்தையில் செத்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் கைகூப்பி நின்றோம். ஒருவருக்கும் அது விளங்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் அடியேனும் ஒருவன்.

அன்பர்களே, வேண்டுதலுக்கு விடை கிடைத்ததை மகிழ்ச்சியோடு சொல்வதே முறை. எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனால் ஓராண்டு கழிந்தும் எரிச்சல் அடங்கவில்லை. அக்காவின் மேல், அயலாரின் மேல், எல்லாரிலும் கூடுதலாக என் மேல். அதை மறைத்துவிட்டு நன்றியை மட்டும் எழுதினால் அது பாதிச் சாட்சியாகிவிடும்.

என் அக்கா நல்லம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், தாயார் சீதனமாகக் கொடுத்த வீட்டில் தனியே இருக்கிறார். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது. மணம் முடித்த ஆண், மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். அவ்வாறே நானும் வாவிக்கு இக்கரையில் ஆரையம்பதியில் நாற்பத்தைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். எங்களோடு வந்திருக்கும்படி அக்காவை எத்தனையோ முறை அழைத்திருக்கிறேன்.

“நீ உன்ட பொஞ்சாதிட ஊட்ட இருக்காய், நான் என்ட ஊட்ட இருக்கன். மச்சாள்ட குசினிக்க போய்க் குந்திக்கொண்டு, உப்புக் கூடிட்டு, புளி குறைஞ்சிட்டெண்டு நான் சண்டை பிடிக்கவா? போ மனே, போய் உன்ட வேலையைப் பாரு.”

இதுதான் ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில். என் மனைவி இதைக் கேட்டு, “மச்சாள் சொல்றதும் சரிதான்” என்பாள். இருவரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள்.

அக்காவுக்குப் பத்து ஆண்டுகளாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. கிளினிக்கில் ஒரு தாதி, “அம்மா, செத்தாலும் குளிசைய விடக்கூடா” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்கா ஒரு வேளை மாத்திரையையும் தவறவிட்டதில்லை. அதேபோல, அம்மன் சடங்குக்குக் கோயில் கதவு திறந்த நாளில் கையில் காப்புக் கட்டினால், எட்டு நாளும் மாலைப் பூசைக்குப் பிறகு ஒருவேளை உணவுதான். அதையும் அவர் தவறவிட்டதில்லை. பட்டினியையும் குளிசையையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாகாது என்று அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. எனக்கு இரண்டும் தெரியும். இரண்டையும் சேர்த்து நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அன்று மாலைப் பூசையில் பதிகம் பாடுவது என் முறை. பஸ்ஸில் பாலம் கடந்து, இரண்டு மணியளவில் அக்கா வீட்டு வேலி வாசலில், கடப்படியில் நின்று அழைத்தேன். பதில் இல்லை. அடுத்த வளவுப் பாக்கியம்தான் வேலியால் எட்டிப் பார்த்தார். ஊரார் பலரும் என்னை ‘சேர்’ என்றுதான் அழைப்பார்கள்.

“மாமி காலையிலிருந்து ஒரு மாதிரிதான் இருக்கிறா, சேர். கதைச்சா கதைக்கிறா இல்ல. விரதக் களைப்பாக்கும் எண்டு நானும் விட்டிட்டன்.”

உள்ளே போனோம். அக்கா விறாந்தைத் தூணில் சாய்ந்து இருந்தார். உடம்பெல்லாம் வியர்வை. கண்கள் எங்கோ நிலைத்திருந்தன. கைகள் நடுங்கின. “அக்கா” என்றேன். என்னைப் பார்த்தார், அறியவில்லை. பிறகு தலையை இருபுறமும் அசைத்து, ஒரு பெருங்குரல் எழுப்பினார். அவர் குரலே அல்ல அது.

“அம்மாளெல்லோ வந்திட்டா!” என்று பாக்கியம் கத்தினார்.

இதை வாசிக்கும் வேற்றூர் அன்பர்களுக்குச் சொல்லவேண்டும். சடங்கு நாள்களில் எங்கள் ஊரில் அம்மன் சிலர்மேல் உருவாக வருவாள், அவர்கள் ஆடுவார்கள், வாக்குச் சொல்வார்கள். எங்கள் தாயாரும் அப்படி ஆடியவர்தான். அவர் மறைந்தபின் எங்கள் குடியில் ஒருவர்மேலும் உரு வரவில்லை என்ற குறை எனக்கு முப்பது ஆண்டுகளாக உண்டு. ஆகவே பாக்கியம் கத்தியபோது என் நெஞ்சில் எழுந்தது அச்சம் அன்று. பெருமிதம். அதை எழுத என் கை கூசுகிறது.

சற்று நேரத்தில் விறாந்தை நிறைந்துவிட்டது. ஒருவர் வேப்பிலை கொண்டுவந்தார். ஒருவர் மஞ்சள் நீர் தெளித்தார். கோயில் நிருவாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் வந்து, தோளிலிருந்த சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

“தாயே, மேல் வட்டைக்கு இந்த முறை தண்ணி வருமா?”

அக்காவின் வாய் குழறியது.

“என்ட மகன் கட்டார் போற விசயம்...” என்று பின்னாலிருந்து ஒரு பெண் தொடங்கினார்.

“இருகா, வயல் விசயம் முடியட்டும்” என்று வண்ணக்கர் அவரை அடக்கினார்.

அப்போது அக்கா தெளிவாக ஒரு சொல் சொன்னார். “சோறு.” மீண்டும், “சோறு, சோறு.”

“அம்மாள் பொங்கல் கேக்கிறா! ஒரு பொங்கல் குறைவச்சிட்டமெண்டு நான் அப்பவே சொன்னனான்” என்றார் வண்ணக்கர். எல்லாரும் தலைக்குமேல் கைகூப்பினார்கள்.

நான் பாடத் தொடங்கினேன்.

பத்துப் பாடல்களையும் பண் பிசகாமல் பாடினேன். அதற்கு மேல், இறுதிப் பாடலை வழக்கம்போல் இருமுறை பாடினேன். இரண்டாம் முறை பாடும்போது அக்கா பக்கவாட்டில் சரிந்தார். “மலையேறிட்டா” என்று சொல்லி எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். நானும் பாடலை முடித்துவிட்டுத்தான் குனிந்து கையைத் தொட்டேன். ஈரமாக, குளிர்ந்து கிடந்தது. தொண்டையில் ஒரு கரகரப்பு. உரு இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தண்ணீர் கேட்பார்கள். இது அதுவன்று.

“வாகனம் ஒன்று பிடியுங்கள். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேணும்” என்றேன்.

“என்ன கதை கதைக்கிறயள் ஐயா?” என்றார் வண்ணக்கர். “காப்புக் கட்டினவ சடங்கு முடியமுதல் ஊரெல்லை தாண்டலாமா? அதுவும் அம்மாள் வந்திறங்கின உடம்போட? தெய்வக் குற்றமாப் போயிரும். நாங்களெண்டாலும் பரவாயில்ல, நீங்க பதிகம் பாடுற ஆள்!”

“கொஞ்சத்தால எழும்பிருவா சேர்” என்றார் பாக்கியம். “இளநி ஒண்டு வெட்டுவம்.”

இதை உங்களுக்கு எப்படி விளக்குவதென்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் தீயவர்கள் அல்லர். அக்காவை நேசிப்பவர்கள். அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நான் நாற்பது ஆண்டுகளாக அவர்களோடு சேர்ந்து நம்பிய சொல். என்ன வருத்தம் என்று சொல்ல எனக்கு அறிவில்லை. அவர்களை மீற எனக்குத் துணிவில்லை.

பின்புறம் போனேன். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு வேண்ட முயன்றேன். அன்பர்களே, நூற்றுக்கணக்கான பாடல்கள் மனப்பாடமாக இருக்கும் இந்த வாய்க்கு ஓரடிகூட வரவில்லை. முதற்சீரைத் தேடினேன், அகப்படவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை நாளும் பாடி என்ன கண்டேன் என்று இறைவனையே கேட்டேன். பிறகு, இலக்கணமுமில்லாமல் பண்ணுமில்லாமல், தாயாரிடம் கேட்பதுபோலக் கேட்டேன்:

“எனக்கு ஒண்டும் தெரியா. தெரிஞ்ச ஆளை அனுப்பு. இப்ப அனுப்பு.”

வீட்டு முன் ஒழுங்கையில் ஒரு முச்சக்கரவண்டி ஓசை எழுப்பியது. முன்னால் ஓடினேன்.

காத்தான்குடிப் புடவை வியாபாரி நிசாம். சேலைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வருபவர். சடங்கின் கடைசி நாளுக்கு உடுக்க வெள்ளைச் சேலை ஒன்று கொண்டுவரும்படி அக்கா சொல்லியிருந்தாராம். இரண்டு நாள் கழித்து வரவேண்டியவர், அந்த நாளில் உறவுக்குள் ஒரு கல்யாணம் என்று முன்கூட்டியே வந்துவிட்டார். அந்தக் கல்யாணத்துக்கு நாள் வைத்தவர்களை நான் அறியேன். அவர்களுக்காகவும் நான் வேண்டாத நாளில்லை.

சடங்கு வீடு என்பதால் அவர் உள்ளே வரவில்லை. அக்காவை ‘லாத்தா’ என்றே அழைப்பவர், கடப்படியில் நின்றே கேட்டார்.

“என்ன சேர், லாத்தாக்கு என்ன?”

“உரு வந்தது” என்று யாரோ சொன்னார்கள்.

அவர் வேலிக்கு மேலால் அக்காவைப் பார்த்தார். முகம் மாறியது. “லாத்தாக்குச் சீனி வருத்தமெல்லா இரிக்கி? இண்டைக்குச் சாப்பிட்டாவா?”

அந்தக் கேள்வியை அதுவரை நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

“விரதம்” என்றேன்.

“குளிசை?”

யன்னல் விளிம்பில் கிளினிக் உறை கிடந்தது. அன்றைய குளிசைகள் இல்லை.

“யா அல்லாஹ்! சேர், சீனி இறங்கிட்டு! எங்கட உம்மாக்கும் நோம்புக்குள்ள இப்பிடித்தான் வந்த. கெதியா, கொஞ்சம் சீனியைக் குழைச்சுக் கன்னத்துக்குள்ள பூசுங்க. தண்ணி பருக்கக்கூடா, மூச்சுக்குள்ள போயிரும். சரிச்சுப் புடிங்க. நான் வண்டியைத் திருப்புறன்.”

சொல்லிக்கொண்டே புடவைக் கட்டுகளை இழுத்து ஒழுங்கை மணலில் எறிந்தார். பட்டும் பருத்தியும் புழுதியில் கிடந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியைப் பின்பக்கமாகக் கடப்படிக்குள் விட்டபோது வண்ணக்கர் குறுக்கே நின்றார்.

“தம்பி, மச்சம் மாமிசம் புளங்குற ஆள் இந்த நாளில உள்ளுக்க...”

நான் வாழ்நாளில் கோயில்காரரை எதிர்த்துப் பேசியவன் அல்லன். அன்று கத்தினேன். “என்ட அக்கா சாகிறா! வழிய விடு!”

அவர் என்னையே பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். சால்வையை எறிந்துவிட்டு, அக்காவின் கால்களைத் தூக்கியவர் அவர்தான். அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

பாதை எவ்வளவு மோசம் என்று அன்றுதான் அறிந்தேன். நான் அக்காவின் தலையை மடியில் வைத்து, விரலால் கன்னத்துக்குள் சீனியைப் பூசிக்கொண்டே இருந்தேன். நிசாம் தம் மார்க்கப்படி ஓதிக்கொண்டே ஓட்டினார். நான் ஒன்றும் ஓதவில்லை.

ஆசுபத்திரியில் நரம்பில் குளுக்கோசு ஏற்றினார்கள். கால் மணிக்குள் அக்கா கண் விழித்தார். சுற்றிலும் பார்த்தார்.

“யார் என்ட ஊட்டைப் பூட்டின?” என்றார்.

ஒருவரும் பூட்டவில்லை. நான் அழுதேன். “ஆம்பிளைப் பிள்ளை அழுறான் பாரு” என்று அதற்கும் ஏசினார்.

வைத்தியர் இளம்பெண். என்னைத் தனியே அழைத்தார். “ஐயா, இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தா மூளை பாதிச்சிருக்கும், இல்லாட்டி ஆளே இல்ல. பக்கத்தில இத்தனை பேர் நிண்டு என்ன செய்தீங்க?”

பதிகம் பாடினேன் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வேன்?

இவ்வளவும் நடந்தபின்னும் ஊரின் பேச்சு மாறவில்லை என்பதுதான் என் எரிச்சல். அக்காமேல் அம்மன் வந்தாள் என்றே இன்றும் சொல்கிறார்கள். கூடுதல் பொங்கலும் பொங்கிவிட்டார்கள். நான் வண்ணக்கரோடு வாதிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அந்த நிசாமை ஆர் ஐயா ரெண்டு நாள் முந்தி அனுப்பின?” என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு எரிச்சல்தான். ஏனெனில் அது மெய்.

அன்பர்களே, நான் நம்பிக்கையை இழக்கவில்லை. அம்மன் உருவாக வருவதையும் மறுக்கவில்லை. ஆனால் என் பக்தியில் செருக்கிருந்தது. பசித்தவரின் குரல் என் பாட்டுக்கு இடையூறாகத்தான் என் காதில் விழுந்தது. அதற்காக இறைவன் என்னைத் தண்டிக்கவில்லை. என் வாயிலிருந்த பாட்டை மட்டும் சிறிது நேரம் எடுத்துக்கொண்டான். வெறுங்கையோடு நின்று கேட்டபோது, கேட்டு முடிக்குமுன்னே கொடுத்தான்.

இப்போது காப்புக் கட்டும் நாளில், கோயிலுக்குப் போகுமுன் விரதகாரரின் வீடுகளுக்குப் போகிறேன். என்ன வருத்தம், என்ன குளிசை, வைத்தியரிடம் கேட்டீர்களா என்று விசாரிக்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஒருவர், “சேர் இப்ப டொக்டராகிட்டார்” என்றார். இருக்கட்டும். நிசாம் மாதம் ஒருமுறை அக்காவைப் பார்த்துவிட்டுப் போகிறார். புழுதியில் அழுக்கான சேலைகளைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அக்கா இன்னும் தனியேதான் இருக்கிறார். இந்த ஆண்டும் காப்புக் கட்டினார்; வைத்தியரின் சொற்படி குளிசை மாற்றி, நண்பகலில் பாலும் பழமும் உண்டார். உண்ணும்போதெல்லாம், “என்ட விரதத்தைக் கெடுத்துப் போட்டான்” என்று என்னைத் திட்டினார். திட்டுவதற்கு அவர் இருக்கிறார். அதற்காக அந்தத் திருவடியை நாளும் தொழுகிறேன்.

துன்பத்தில் நிற்கும் அன்பர்களே, சொல் அழகாக வரவில்லையே என்று தயங்காதீர்கள். வருகிற சொல்லால் கேளுங்கள். விடை வரும். வருகிறவர் நீங்கள் எதிர்பார்த்த ஆளாக இருக்கமாட்டார். கைகூப்பிக்கொண்டு அவருக்குக் குறுக்கே நிற்காதீர்கள். வழி விடுங்கள்.