பார்க்காமல் சொன்ன ‘ம்’

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் புரூஃப் பார்த்தேன். ஆகப் பெரிய பிழையை, ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது விட்டேன்.

எங்கள் முறை இதுதான். என்னோடு வேலை செய்யும் சுலோ மூலப் பிரதியைச் சத்தமாக வாசிப்பாள். நான் புரூஃபில் விரல் வைத்துக்கொண்டே போவேன். பந்தி சரியென்றால் ‘ம்’ சொல்ல வேண்டும். ‘ம்’ கேட்காமல் அவள் அடுத்த பந்திக்குப் போகமாட்டாள்.

அன்றைக்கு வந்தது ஒரு ஜப்பானிய நாவலாசிரியரின் கட்டுரைகள், தமிழாக்கம். காதல், ஞாபகம், நான் யார் என்ற விசாரணை. இந்த மனுசனுக்கு வேறு வேலையில்லையா என்று முணுமுணுத்துக்கொண்டுதான் தொடங்கினேன். கடைசிக் கட்டுரையில், இறந்துபோன மனைவியின் குரல் தனக்கு மறந்துவிட்டது என்று எழுதியிருந்தார். விளக்கை அணைக்கும் அவள் கை மட்டும் நினைவிருக்கிறதாம். மறந்ததால் அன்பு குறையவில்லை, அவளோடு வாழ்ந்த ஆள் இன்னும் தனக்குள் இருக்கிறான் என்றார்.

என் கணவர் போய் இரண்டு வருடம். அவருடைய குரல் எனக்கும் மறந்துவிட்டது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சுலோ வாசித்து முடித்ததும், விரல் எங்கே நிற்கிறதென்றே பார்க்காமல் ‘ம்’ என்றேன். அச்சடிக்கலாம் என்று கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் காலை வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வரிகளை என் கண்ணால் வாசிக்க ஆசை வந்தது. அச்சகத்துக்குப் போனதும் புரூஃபை எடுத்தேன். அந்தப் பந்தியே அதில் இல்லை. டைப் செய்தபோது விடுபட்டிருக்கிறது.

நேரே முதலாளியிடம் போனேன். என்னைவிட இருபது வயது இளையவர்.

“பிளேட் அடிச்சு மெஷினும் ஓடுது அக்கா. ஒரு பந்திதானே, ஆருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும் தம்பி. மெஷினை நிப்பாட்டுங்கோ.”

“நாளைக்குப் புத்தகம் குடுக்கோணும். நீங்கள் இப்பிடிப் பிழை விடுற ஆளில்லையே. என்ன நடந்தது?”

“என்ர மனுசன்ர குரல் எனக்கு மறந்துபோச்சு. அந்தப் பந்தியும் அதைத்தான் சொல்லுது. கேட்டுக்கொண்டு இருந்திட்டன், பாக்கேல்லை.”

அவர் போனை எடுத்து மெஷினை நிறுத்தச் சொன்னார்.

புதுப் புரூஃப் வந்ததும் நான் வாசித்தேன், சுலோ விரல் வைத்தாள். முடிந்தும் அவள் ‘ம்’ சொல்லவில்லை.

“இன்னொருக்கா வாசியுங்கோ அக்கா.”

வாசித்தேன். என் கணவரின் குரல் நினைவுக்கு வரவில்லை. கறியில் உப்புப் பார்க்க அவர் நீட்டும் உள்ளங்கை வந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, மனம் கலங்கினால் ‘கொஞ்சம் நில்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எனக்கு அதைப் படிக்க முப்பது வருடம் பிடித்தது.