துடைத்து எடுத்த அரிசி மணிகள்

1. காலையில் வந்த போன்

பெரம்பலூரில் கீபோர்டும் ஆம்ப்ளிஃபையரும் ரிப்பேர் பார்க்கிறவன் நான். முப்பது வருஷம் ஆகிவிட்டது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக நான் செய்த தப்பு ஒன்றை எழுதுகிறேன். சரியாகச் செய்த வேலைகளைக் கேட்டு யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஒரு நாள் காலை சேகரிடமிருந்து போன் வந்தது. அவர் அரியலூரில் இன்னிசைக் குழு நடத்துகிறவர். முந்தின நாள்தான் தன் குழுவில் வாசிக்கிறவரின் கீபோர்டை என் கடையிலிருந்து வேனில் ஏற்றி, நேராக ஒரு கல்யாண வரவேற்புக்குக் கொண்டுபோயிருந்தார். எட்டு கீ அடிக்காமல் கிடந்த மெஷின். ரப்பர் கான்டாக்ட் மாற்றி, ஒவ்வொரு கீயாக அடித்துப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தேன்.

முதல் பக்திப் பாட்டில் புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் டெலிபோன் மணி அடித்ததாம். பாதிக் கூட்டம் சட்டைப்பையைத் தடவியிருக்கிறது. அடுத்த தடவை துப்பாக்கிச் சத்தம். மாப்பிள்ளையே வாய்விட்டுச் சிரித்துவிட்டாராம்.

"மெஷினு நல்லாத்தான் இருக்கு மெக்கானிக். வாசிச்சவனுக்குக் கண்ணு தெரியாது. இத்தன வருஷம் ஓட்டிட்டேன். இனிமே முடியாதுன்னு நிறுத்திட்டேன்" என்றார் சேகர்.

வாசிக்கிறவருக்குக் கண் தெரியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

2. புதுசு மாதிரி

என் கடைக்கு ஒரு பெருமை உண்டு. ரிப்பேருக்கு வந்த பொருள் புதுசு மாதிரி திரும்பிப் போகும். யாரும் கேட்காமலேயே ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுப்பேன்.

அந்த கீபோர்டில் புல்லாங்குழல், வயலின், டெலிபோன் மணி என்று டோன் மாற்றுகிற பட்டன்கள் எல்லாம் ஒரே தகடு போல வழவழவென்று இருக்கும். அவற்றின் மேல் யாரோ பசை வைத்து அரிசி மணிகளை ஒட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் தீக்குச்சித் துண்டு, இன்னோரிடத்தில் பாதிச் சட்டைப் பொத்தான். வீட்டுப் பிள்ளைகளின் சேட்டை என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிளேடால் சுரண்டி எடுத்தேன். தகடு பளபளவென்று வந்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது.

சேகர் போனை வைத்த பிறகுதான் அந்த மணிகள் விரலால் தடவிப் பட்டனைக் கண்டுபிடிப்பதற்கு என்று புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மனைவி தவறிப்போன பிறகு எனக்கென்று இருந்தது கடைப்பெயர் ஒன்றுதான். அதையும் கெடுத்துக்கொண்டால் நான் யார்? மூன்று மாதம் இப்படியே ஓடிற்று. ஒரு வாடிக்கையாளர் வந்து, லப்பைக்குடிக்காட்டில் கண் தெரியாத ஒருவர் கீபோர்டை விற்கப்போவதாகவும் நான் கூட வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். சேகர் நிறுத்திய ஆள்தான் என்று தோன்றிற்று. மறுநாள் அந்த வாடிக்கையாளரை விட்டுவிட்டு நான் மட்டும் பஸ் ஏறினேன்.

3. பூட்டிய அறைகள்

அவர் பெயர் ஜமால், முப்பத்தைந்து வயதுக்காரர். அண்ணன்மார் மூன்று பேரும் துபாயில் இருக்கிறார்கள். அவர்கள் கட்டிய பெரிய வீட்டில் அவரும் அவருடைய அம்மாவும் மட்டும் இருந்தார்கள். மாடி அறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கூடத்தில் பேசினால் நம் குரல் நமக்கே திரும்பி வந்தது. என் வீடு அவ்வளவு பெரிதில்லை. ஆனால் அந்த அமைதி எனக்குப் பழக்கமானதுதான்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"மேடையில கை வச்ச உடனேயே தெரிஞ்சிடுச்சுண்ணே. பாட்டு ஆரம்பிச்சிட்டாங்க. விரலால எண்ணி எண்ணி அமுக்கிப் பாத்தேன், தப்பிடுச்சு."

அதை அப்போதே ஏன் சேகரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கண் தெரியாதவன் சாக்குச் சொல்கிறான் என்பார்கள், அதனால் பேசாமல் வந்துவிட்டதாகச் சொன்னார்.

"அரிசிய நானே திரும்ப ஒட்டிக்குவேண்ணே. மேடைதான் திரும்பக் கிடைக்காது. நீங்க சேகரண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். தலையாட்டினால் அவருக்குத் தெரியாது என்பது உறைத்து, வாயாலும் சொன்னேன்.

4. பேசும் பெட்டி

ஆனால் சேகரைப் பார்க்கப் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெட்டி செய்ய உட்கார்ந்தேன். கீபோர்டின் தகவலை வெளியே கொண்டுவருகிற மிடி கேபிளில் அதைச் சேர்த்துவிட்டால், எந்த டோன் இருக்கிறது என்று இயர்போனில் குரல் சொல்லும். தப்பை ஒப்புக்கொள்ள முடியாதவனுக்கு வேலை செய்வது எவ்வளவு வசதி, பாருங்கள். மூன்று வாரம் அதிலேயே கிடந்தேன்.

கொண்டுபோய்க் காட்டினேன். ஜமால் அரைப் பாட்டு வாசித்துவிட்டு இயர்போனைக் கழற்றினார்.

"பாட்டக் கேக்குறதுக்கு இந்தக் காதுதாண்ணே இருக்கு. அதுலயும் ஒருத்தன் வந்து பேசுனா எப்படி? விரலுக்குச் சொல்ற மாதிரி செய்யுங்க."

முதல் நாளே கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. அதன் பிறகு அவர் வாரா வாரம் பஸ்ஸில் என் கடைக்கு வந்தார், இருவரும் சேர்ந்து செய்தோம். எட்டு சுவிட்ச் வைத்த தனிப்பெட்டி. கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். என் பழைய சாமான் டப்பாக்களைத் துழாவி ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே மாட்ட ஒரு தலையை அவரே பொறுக்கினார். புல்லாங்குழலுக்கு சைக்கிள் பெல் மூடி, வயலினுக்குத் தையல் மிஷின் குமிழ். டோன் மாறினால் அடியில் பழைய செல்போனின் வைப்ரேட்டர் மோட்டார் ஒரு தடவை அதிரும். ஸ்க்ரூ வேண்டாம், கையாலேயே திறக்கிற மாதிரி வேண்டும் என்றார். சுவிட்ச் மாற்றவும் கற்றுக்கொண்டார்.

அந்த வாரங்களில் என் கடையில் பேச்சுச் சத்தம் இருந்தது. இரண்டு டீ வாங்கினேன். பெட்டி முடிந்த நாள், சேகரண்ணன் என்ன சொன்னார் என்று ஜமால் கேட்டார். இன்னும் சொல்லவில்லை என்றேன். அவர் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அந்த நிமிஷத்தை நான் மறக்கவில்லை.

5. அரியலூர்

மறுநாள் காலை அரியலூர் போய் சேகரிடம், குழுவில் எல்லாரும் இருக்கும்போதே, முழுவதையும் சொன்னேன்.

"அஞ்சு மாசம் அவன வூட்டுல உக்கார வச்சிட்டீங்களே. நானும் நாலு ஊருல அவனச் சொல்லிச் சிரிச்சிருக்கேன்" என்றார்.

சேகர் அங்கேயே ஜமாலுக்குப் போன் போட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு வரச் சொன்னார். நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பாட்டில் புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் புல்லாங்குழல் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஒருவர் வடை தின்றுகொண்டிருந்தார். என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

ஒரு பொருளைத் துடைப்பதற்கு முன்னால், அதைத் தொட்டுப் பிழைக்கிறவரிடம் கேளுங்கள். தப்பு நடந்துவிட்டால் முதலில் வாயால் சொல்லுங்கள், அப்புறம் சால்டரிங் அயர்னை எடுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஜமால் இப்போது வாரத்தில் மூன்று நாள் மேடையில் இருக்கிறார். போன வருஷம் பெட்டியில் ஒரு சுவிட்ச் போய்விட்டதாம், அவரே மாற்றிக்கொண்டாராம். சேகர் சொல்லித்தான் தெரியும். என் கடைக்கு அவர் வர வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. நான் செய்த வேலைகளிலேயே ஒழுங்கான வேலை அந்தப் பெட்டிதான். ஆனாலும் வருவார் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.