வட்டிலப்பம் வாடகையாகுமா

மூடி போட்ட ஒரு எவர்சில்வர் கிண்ணம். உள்ளே முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த, சூடு ஆறாத வட்டிலப்பம். என் வீட்டில் வாடகைக்கு இருந்த, நான் அக்கா முறையில் அழைக்கும் இறக்காமத்து ராத்தா கொண்டுவந்து உம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, திறப்பதா திருப்பி அனுப்புவதா என்று தெரியாமல் அரை மணித்தியாலம் நின்றேன். மூன்று நாட்களுக்கு முன்புதான், வீட்டைக் காலி செய்யச் சொல்லி அவருக்குப் பதிவுத் தபாலில் அறிவித்தல் அனுப்பியிருந்தேன். அதற்குப் பிறகு வாடகை என்று எதையாவது வாங்கினால், தொடர்ந்து இருக்க நானே சம்மதித்ததாக அவர் சொல்ல இடமுண்டு என்று என் வழக்கைப் பார்க்கும் லோயர் மிஸ் எச்சரித்திருந்தார். கடைசியில் லோயர் மிஸ்ஸுக்கே தொலைபேசி எடுத்து, வட்டிலப்பம் வாடகையாகுமா என்று கேட்டேன்.

“முட்டை தாராளமாப் போட்டிரிக்காவா எண்டு பாருங்க,” என்றார். “போட்டிருந்தா எனக்கும் கொஞ்சம் அனுப்புங்க. சாப்பிடுங்க புள்ள, வழக்குக்கு ஒண்டும் ஆகாது.”

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். என் கலியாணத்துக்கு வாப்பா கட்டித் தந்த வீடு என் பெயரில் இருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்காக உம்மாவிடம் வந்தவள் அங்கேயே தங்கிவிட்டதால், இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த வீட்டை ராத்தாவுக்கு வாடகைக்குக் கொடுத்தோம். அவருடைய கணவர் கட்டாரில் வேலை. இரண்டு மகள்மாரைக் கல்முனையில் படிக்க வைக்க வேண்டும் என்று இறக்காமத்திலிருந்து வந்திருந்தார். ஒரு வருடம் வாடகை ஒழுங்காக வந்தது. பிறகு நான்கு மாதம் ஒன்றும் வரவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. அந்த நேரத்தில்தான் தங்கச்சிக்கு நிக்காஹ் நிச்சயமானது. உம்மாவின் வீடு இனித் தங்கச்சிக்கு. மாப்பிள்ளை அங்கேதான் வருவார். உம்மாவும் வாப்பாவும் பின்வளவிலுள்ள சின்ன வீட்டுக்குப் போவார்கள். இரண்டு மாதத்துக்குள் என் வீடு கைக்கு வராவிட்டால், ஒரு வயது மகனைத் தூக்கிக்கொண்டு நாங்கள் எங்கே போவது?

முதல் அறிவித்தலை எழுதியவர் என் கணவர். தமிழ் ஆசிரியர், அழகாக எழுதி, தன் பெயரில் ஒப்பமிட்டு அனுப்பினார். அடுத்த நாளே ராத்தா அந்தக் கடிதத்தோடு எங்கள் வாசல் படலையில் நின்றார்.

“மாஸ்டர், எழுத்து நல்லா இரிக்கு,” என்றார். “ஆனா வீடு உங்கட இல்லியே. நீங்களும் என்னப்போல அந்த வீட்டில இரிக்க வந்த ஆள்தானே. உங்களுக்கும் வாடகை இல்ல, எனக்கும் வாடகை இல்ல. மறுகா ஆரை ஆர் எழுப்புற?”

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரைக்குப் பின்னால் நின்ற நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வீடு போகிற நேரத்தில் சிரிக்கிறேனே என்று உடனே பயமும் வந்தது.

லோயர் மிஸ்ஸிடம் போனது அதற்குப் பிறகுதான். ராத்தா சொன்னது சரி என்றார் அவர். வீடு யாருடையதோ அவரே அறிவித்தல் கொடுக்க வேண்டும். கணவர் செய்வதென்றால் நான் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். என் மாமா ஒருவர், கரண்ட்டை வெட்டிவிட்டுப் பூட்டையும் மாற்றினால் ஒரே நாளில் போய்விடுவார்கள் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் லோயர் மிஸ் பேனையைக் கீழே வைத்துவிட்டார். அப்படிச் செய்தால் குற்றவாளி நான்தான் என்றார். காலக்கெடு போட்டு அறிவித்தல், பிறகு மத்தியஸ்த சபை, அங்கேயும் தீராவிட்டால் மாவட்ட நீதிமன்றம். அதுதான் வழி. வழக்குப் போனால் எவ்வளவு காலம் என்று கேட்டேன். என் மகனைப் பார்த்து, “இவர் பள்ளிக்கூடம் போயிருவாரு,” என்றார். என் பெயரில் பதிவுத் தபால் போனது அதற்குப் பிறகுதான்; மூன்றாம் நாள் வட்டிலப்பம் வந்தது.

மத்தியஸ்த சபை ஒரு சனிக்கிழமை, பாடசாலை வகுப்பறையில் கூடியது. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்து போயிருந்தேன். வீட்டுக்காரர் யார் என்று மத்தியஸ்தர்களில் நடுவில் இருந்தவர் கேட்டதும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது.

“எனக்கு என்ட வீடு வேணும்,” என்றேன். “தங்கச்சிக்குக் கலியாணம். எங்களுக்கு வேற இடமில்ல.”

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இதை வந்து என்னட்டச் செல்லியிருக்கலாமே புள்ள. தபால்ல ஏன் அனுப்பின?”

“நீங்க ஏன் காசில்லை எண்டு செல்லல்ல?”

அதற்குப் பிறகுதான் ராத்தா சொன்னார். கட்டாரில் கம்பனி மாதக்கணக்காகச் சம்பளம் கொடுக்கவில்லை. இறக்காமத்தில் அவருடைய சொந்த வீடு சுவரோடு நிற்கிறது. மரமும் ஓடும் முன்பே வாங்கி அடுக்கியாயிற்று. ஏற்றக் கூலி இல்லை. “கூரை இரிந்தா நாளைக்கே போயிருவன். யானை வாற ஊர். கூரை இல்லாத வீட்டில குமருப் புள்ளைகளை வெச்சிக்கிட்டு எப்பிடி இரிக்கிற?”

பின்வரிசை வாங்கில் என் வாப்பா இருந்தார். நாற்பது வருடமாக ஓடாவியாக மரவேலை செய்பவர். அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கி வாடகையை விடவில்லை; சம்பளம் வந்ததும் சிறுகச் சிறுகத் தருவதென்று எழுதினோம். அதற்குக் கீழே, கூரையை என் தகப்பனார் கூலியில்லாமல் போட்டுக் கொடுப்பார், அது முடிந்து ஒரு கிழமைக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். நடுவில் இருந்தவர் அதை இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், வாடகை தராதவருக்குக் கூரையும் போட்டுக் கொடுக்கும் முட்டாள் நான் ஒருத்திதானோ என்று யோசித்தேன்.

வாப்பாவும் அவருடைய கூட்டாளிகள் மூவரும் ஒன்பது நாள் இறக்காமத்துக்குப் போய் வந்தார்கள். கடைசி நாள் நாங்களும் போனோம். கைமரங்களுக்கு மேல் வாப்பா நடப்பதைப் பார்க்கப் பயந்து நான் கண்ணை மூடிக்கொள்ள, ராத்தா கீழே நின்று ஓடுகளை எண்ணி எண்ணி மேலே கொடுத்தார். “நல்லா மேஞ்சி விடுங்க. ஒழுகினா திரும்பி உங்கட மகள்ட வீட்டுக்குத்தான் வருவன்,” என்று அவர் சொல்ல, வாப்பாவுக்குச் சிரிப்பில் சுத்தியல் நழுவப் பார்த்தது.

கூரை முடிந்து ஐந்தாம் நாள் ராத்தா வீட்டைப் பூட்டி, திறப்பை என் கையில் தந்தார். தங்கச்சியின் கலியாணத்துக்கு என் வீட்டிலிருந்துதான் வெளிக்கிட்டுப் போனேன். சம்பளம் வரத் தொடங்கியதும் பாக்கியும் வந்தது. கடைசித் தொகை போன மாதம்.

கலியாணம் முடிந்த கையோடு மாரி தொடங்கியது. முதல் மழை பிடித்த பின்னேரம் ராத்தாவிடமிருந்து தொலைபேசி.

“இஞ்ச ஒரு சொட்டும் இல்ல,” என்றார். “வாப்பாக்கிட்டச் செல்லு. அங்க குசினி மூலையில வாளி வெச்சியா?”

“ஏன் ராத்தா?”

“அதில ஒழுகும் புள்ள. கொஞ்ச மாசமா எந்த மழைக்கும் ஒழுகுது.”

“அப்பவே செல்லியிருக்கலாமே.”

“வாடகை குடுக்காம இரிந்துக்கிட்டு, கூரை ஒழுகுது எண்டு எந்த வாயால முறைப்பாடு செய்யிற?”

தொலைபேசியைக் காதில் பிடித்தபடியே குசினிக்குள் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் என் மகன் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அடித்து விளையாடிக்கொண்டிருந்தான்.