ஆயில் ஒழுகிய டாக்சியும் எங்கள் அக்காவும்

உறவினர்களுக்கும், அக்காவின் தோழிகளுக்கும், ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் குடியிருக்கும் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் ஆகிறது. அவரைப் பற்றி நன்கு படித்தவர் யாராவது எழுதட்டும் என்றுதான் நான் சொன்னேன். அக்காவின் கணவரான மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "உனக்குத் தெரிஞ்ச அக்காவ நீ எழுதுடா, அது போதும்" என்றார். நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது குடியாத்தத்துக்குப் பக்கத்தில். அப்பா தோட்ட வேலைக்காகப் பெங்களூர் கன்டோன்மென்டுக்கு வந்தபோது நான் கைக்குழந்தை. இங்கே வந்த கொஞ்ச நாளில் அம்மா காலமானார். அதற்குப் பிறகு எனக்குத் தலை வாரியது, சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது எல்லாம் அக்காதான். அவருக்கே விளையாடுகிற வயது. வளர்ந்ததும் ஒரு துரை பங்களாவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். அந்த பங்களாவில் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர்தான் மாமா. இருவருக்கும் அப்பாவே முன்னின்று கல்யாணம் செய்து வைத்தார்.

சுதந்திரம் வந்து துரை கப்பலேறியபோது, அந்தக் காரைக் குறைந்த விலைக்கு மாமாவிடமே கொடுத்துவிட்டுப் போனார். அப்போதே அது பழைய வண்டிதான். மாமா அதை டாக்சியாக்கி கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஓட்டினார். அக்காவுக்கும் மாமாவுக்கும் குழந்தை இல்லை. அந்த வண்டியைத்தான் அக்கா பிள்ளை போலப் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவி, பானெட்டைத் திறந்து, உள்ளே இன்ஜினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார்.

சில வருடங்களில் வண்டி ஆயில் ஒழுக ஆரம்பித்தது. முதலில் சொட்டு. பிறகு நிறுத்திய இடமெல்லாம் குட்டை. அக்கா காலையில் போட்ட கோலம் மாமா வண்டியை எடுக்கும் முன்பே கறுத்துவிடும். சூடான குழாயில் ஆயில் பட்டு, உள்ளே உட்கார முடியாத அளவுக்குப் புகை நாற்றம் அடிக்கும். ஸ்டேஷனில் பெட்டியோடு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஈ காடி பேடப்பா", இந்த வண்டி வேண்டாம் என்று கன்னடத்தில் சொல்லி அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். "யோவ், உன் வண்டிக்குக் கோவணம் கட்டி இட்டுகினு வாய்யா" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். மாமா வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே படுத்துவிடுவார்.

வண்டியைப் பார்த்தவர் சிவாஜி நகர் மெக்கானிக் பாஷா பாய். ஆயில் தொட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைக்கும் கார்க் பேக்கிங்கை இரண்டு தடவை மாற்றினார். மறுபடி ஒழுகியது. மாமா ஆத்திரத்தில் ஸ்பானர் எடுத்து போல்ட்டுகளை எல்லாம் பலங்கொண்டு இறுக்கினார். கார்க் நசுங்கி, இன்னும் அதிகமாக ஒழுகியது. கடைசியில் மாமா, "ஞாயித்துக்கிழமை பழைய இரும்பு வாங்குற குஜிரிக்காரன வரச் சொல்லிட்டேன். இரும்பு வெலைக்குப் போட்டுட்டு மில் கொடோன்ல மூட்டை தூக்கப் போறேன்" என்றார்.

மாமாவுக்கு நெஞ்சு பலவீனம். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். மூட்டை தூக்கினால் அவர் பிழைக்கமாட்டார் என்று அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மாமாவை எதிர்த்து நான் பேசியதில்லை.

சனிக்கிழமை காலையில் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்ணெண்ணெயால் இன்ஜின் முழுவதையும் கழுவித் துடைத்தார். பிறகு கோலமாவை எடுத்து அதன்மேல் தூவினார். பக்கத்து வீட்டு ரோசம்மா வாசலில் நின்று, "இன்னாக்கா, வண்டிக்குப் பவுடர் பூசுற? பொண்ணு பாக்க வராங்களா?" என்றார்.

"மாப்ளைதான் வரான், நாளைக்கு. குஜிரிலருந்து" என்றார் அக்கா.

அக்கா சொல்லி அனுப்பியதால் வந்த பாஷா பாயும் மாவைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமா வேண்டாவெறுப்பாக வண்டியை ஸ்டார்ட் செய்தார். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். வெள்ளை மாவில் எங்கே ஈரம் படுகிறதோ அங்கேதான் ஓட்டை என்பது அக்காவின் கணக்கு. ஆனால் ஈரம் ஒரே இடத்தோடு நிற்கவில்லை. மேல் மூடியைச் சுற்றி, பக்கத்துத் தகட்டைச் சுற்றி, கீழே தொட்டியைச் சுற்றி என்று மூட்டு இருந்த இடமெல்லாம் மாவு நனைந்தது.

"போச்சு, எல்லா எடமும் போச்சு" என்றார் மாமா.

அக்கா இன்னும் குனிந்து அந்த ஈரத்தை ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். "பாய், எல்லா எடமும் ஒரே சமயத்துலயா கெட்டுப்போவும்? சோத்துப் பானைய இறுக்கி மூடிட்டா கஞ்சி சுத்திலும் பொங்கி வழியுதே, அந்த மாதிரி இல்ல இருக்கு?"

பாஷா பாய் நிமிர்ந்தார். "அரே! மூச்சு!" என்று சொல்லிக்கொண்டே ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் தடவிப் பார்த்தார். இன்ஜின் உள்ளே சேரும் காற்று அந்த மூடியில் இருக்கும் சிறு துளைகள் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். துளைகளைக் காணோம். வருடக்கணக்காக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக வைத்த சந்தனம், ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து, ஆயிலும் தூசியும் சேர்ந்து, அடை போல மூடியிருந்தது. உயரமாகவும் உருண்டையாகவும் இருந்ததால் அதைத்தான் அக்கா வண்டியின் நெற்றி என்று நினைத்திருக்கிறார். சாமி விஷயம் என்று பாஷா பாயும் இத்தனை நாள் அந்தச் சந்தனத்தைச் சுரண்டாமல் விட்டிருக்கிறார்.

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, நானேதான் அது மூக்கப் புடிச்சிகினு இருந்தனா?"

"சாமி கும்பிட்டதுக்குத் தப்பு சொல்வாங்களாம்மா? இனிமே முன்னாடி கண்ணாடில வைங்க. இங்க மட்டும் நக்கோ, வேணாம்" என்றார் பாஷா பாய். முதலில் சிரித்தவர் மாமாதான். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

மூடியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஊசியால் குத்தித் திறந்தார்கள். நசுங்கிப்போன பேக்கிங்கை மாற்றி, போல்ட்டுகளை அளவாக முடுக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. அதன் பிறகும் வண்டி ஒரு சொட்டு, இரண்டு சொட்டு ஒழுகத்தான் செய்தது. பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்றார் பாஷா பாய். ஆனால் குட்டையும் புகையும் நின்றுவிட்டன. மறுநாள் வந்த குஜிரிக்காரரை அக்கா உட்கார வைத்துக் காபி கொடுத்து, வண்டியை அல்ல, ஓட்டை அண்டா ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்.

அதன் பிறகு மாமா மூட்டைப் பேச்சை எடுக்கவே இல்லை. தெருவில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் அக்கா முந்திக்கொண்டு பின்சீட்டில் ஏறிவிடுவார். அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பள்ளம் பாத்துப் போங்க" என்று மாமாவை அதட்டிக்கொண்டே போவார். போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அதே வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். வலியிலும் அவர் எங்களுக்குத்தான் தைரியம் சொன்னார். கடைசி நாட்களில் என்னைக் கூப்பிட்டு, "மாமாவ ஊட்ல உக்கார வுடாதடா தம்பி" என்றார்.

காரியம் முடிந்ததும் மாமா வண்டியின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார். வண்டியை எடுங்கள் என்று சொல்ல நான் நினைத்து நினைத்து, சொல்லாமலே திரும்பி வந்துவிடுவேன். ஒரு நாள் மத்தியானம் ரோசம்மாவின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்தது. ரோசம்மா வந்து தார்ப்பாயை அவரே இழுத்துப் போட்டுவிட்டு, "அண்ணே, அழுவுறத அப்புறம் அழுவலாம், சாவி எங்க?" என்று கத்தினார். மாமா எழுந்து போய் வண்டியை எடுத்தார். பெண் குழந்தை பிறந்தது. அன்றிலிருந்து அவர் மறுபடி ஸ்டேஷனுக்குப் போகிறார்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த டாக்டர் அம்மாவுக்கும் நர்சுகளுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த ரோசம்மாவுக்கும், பாடையைத் தோளில் சுமந்த பாஷா பாய்க்கும், தூரத்திலிருந்து வந்து எங்களோடு இருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாமாவைப் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து துக்கம் விசாரிக்க வேண்டாம். மார்க்கெட்டுக்கோ கோயிலுக்கோ போக வேண்டும் என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். ஓட்டும்போதுதான் அவர் அக்காவைப் பற்றிப் பேசுகிறார்.